புலம்பலும் ஸ்தோத்திரமும் ஒரே நோட்டில்

நேயர்கள் எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

கடவுளுக்கு நன்றி, துதி என்று பொருள்படும் இந்த ஒரு வார்த்தை நம் வீடுகளில் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். வாசலில் வந்து நிற்பவருக்கு ஸ்தோத்திரம். போனை எடுத்தால் ஸ்தோத்திரம். பிரசங்கத்தின் நடுவில் சபைப் போதகர் மூச்சு வாங்கினால் பின்வரிசையிலிருந்து ஒரு ஸ்தோத்திரம். அதே வார்த்தையைத் துக்க வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போகிறோம். பெட்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்காது, அதற்குள் யாராவது ஒருவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க, கர்த்தர் சித்தம்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாவுக்கு அழுகை நிற்பதில்லை, ஸ்தோத்திரமும் வருவதில்லை. "அழுதுவிட்டோமே, நமக்கு விசுவாசம் இல்லையோ" என்ற உறுத்தல்தான் கூடுதலாக வந்து சேர்கிறது.

துக்கத்தில் இருக்கிறவர் நாள்தோறும் நன்றி சொல்ல எப்படிப் பழகலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். அதற்கு முன் ஒரு வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 5:18. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." எல்லாவற்றிலேயும் என்றுதான் இருக்கிறது. பவுல் எழுதிய கிரேக்கத்திலும் "உள்ளே" என்று பொருள்படும் சொல்தான். சாவுக்கு நடுவில் நின்றுகொண்டு நன்றி சொல்லலாம் என்கிறார். சாவுக்காக நன்றி சொல் என்று இங்கே சொல்லவில்லை.

"எபேசியர் 5:20-ல் எல்லாவற்றிற்காகவும் என்று இருக்கிறதே?" என்று வேதம் நன்றாகத் தெரிந்த நேயர் ஒருவர் இப்போது கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. அந்த வசனத்தை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 15:26-ல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். தம் உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் தனக்கும் இரங்கினார் என்று பிலிப்பியர் 2:27-ல் எழுதுகிறார். அந்த நண்பர் இறந்திருந்தால் தாம் துக்கத்தில் மூழ்கியிருப்போம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். எபேசியர் வசனத்தை இவற்றோடு சேர்த்து வாசித்தால், சத்துருவுக்கு நன்றிப் பாட்டுப் பாடு என்று ஒரு விதவையிடம் கேட்க யாருக்கும் வாய் வராது.

யோவான் 11-ஐயும் திறந்து பாருங்கள். 35-ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். 41-ஆம் வசனத்தில், லாசருவின் கல்லறையின் முன்னால், "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். இரண்டுக்கும் இடையில் ஐந்தே வசனங்கள். கண்ணீரைத் துடைத்துவிட்டு வந்துதான் நன்றி சொல்ல வேண்டும் என்ற சட்டம் அவரிடம் இல்லை.

சரி, எப்படிச் செய்வது?

ஒரு சின்ன நோட்டு போதும், பிள்ளைகளின் பழைய ரஃப் நோட்டானாலும் சரி. மனதுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், எழுதுங்கள். துக்கத்தில் ஞாபகசக்தி தடுமாறும். அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிற நாட்கள் அவை. மத்தியானம் யாரோ செய்த உதவி இரவில் நினைவுக்கு வராது, "இன்றைக்கு ஒன்றுமே இல்லை" என்று மனம் கணக்கை முடித்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று வரி. வரிசைக்கு 13-ஆம் சங்கீதம் நல்ல அச்சு. மொத்தம் ஆறு வசனங்கள்தான். முதல் இரண்டில் "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று நான்கு தடவை முறையீடு. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான், "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்." ஆகவே முதல் வரி புலம்பல், இரண்டாவது வரி விண்ணப்பம், மூன்றாவது வரி நன்றி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நன்றியை முதலில் எழுதினால் புலம்பல் அதன் அடியில் அமுங்கிப்போகும், பிறகு இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும்.

கத்தோலிக்க நேயர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரலாம். புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையில் ஐந்து படிகள் உண்டு, அதில் நன்றிதான் முதல் படி. உண்மைதான். சாதாரண நாட்களுக்கு அது அருமையான முறை. துக்கத்தின் முதல் சில மாதங்களுக்கு மட்டும் சங்கீதக்காரனின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பழைய முறைக்குத் திரும்பிவிடலாம்.

புலம்பல் வரியில் அலங்காரம் வேண்டாம். "ஆண்டவரே, இன்றைக்கு ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கினார்கள். எனக்குத் தாங்கவில்லை." இவ்வளவு போதும். விண்ணப்பத்தை நாளைக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள், அலைய பெலன் தாரும் என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு அப்புறம் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்பதை இந்த நோட்டுக்குள் கொண்டுவந்தால் மூன்று வரி முப்பது வரியாகும், மறுநாள் நோட்டைத் திறக்கவே பயம் வரும்.

நன்றி வரியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "சுகம், பெலன், ஜீவன் தந்தீரே, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று எழுதுவார்கள். நான்காம் நாள் அது மனப்பாடம். பத்தாம் நாள் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். அதனால் நன்றி வரியில் ஓர் ஆள், ஒரு பொருள், ஒரு நேரம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். "சாயங்காலம் நாலு மணிக்கு எதிர்வீட்டு அக்கா இட்லி மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒன்றும் பேசாமல் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்." இதில் ஆண்டவருக்கு நன்றி சொல்ல விஷயம் இருக்கிறது. அந்த அக்காவுக்குச் சொல்லவும் இருக்கிறது. வாரத்தில் ஒரு தடவையாவது இப்படி எழுதிய ஒருவருக்குப் போன் செய்து நேரில் சொல்வதுபோல் சொல்லிவிடுங்கள். அந்தச் சமயத்தில் செய்த உதவி உங்கள் நினைவில் நின்றதா என்று உதவினவர்களுக்கே தெரியாது.

இறந்தவரைப் பற்றியும் நன்றி வரி எழுதலாம். ஆனால் "நல்ல புருஷனைத் தந்தீர்" என்று மொத்தமாக வேண்டாம். மழை வந்தால் முதலில் மாடிக்கு ஓடித் துணி எடுத்தவர், பைபிளில் பேருந்து டிக்கெட்டை அடையாளமாக வைத்தவர் என்று சின்னதாக எழுதுங்கள். அழுகை வரும். வரட்டும்.

இன்னொரு சறுக்கல், ஒப்பிடுவது. "அந்த வீட்டில் இரண்டு சாவு, நமக்கு ஒன்றுதானே, ஸ்தோத்திரம்." ஆறுதல் சொல்ல வருகிறவர்களும் இதைத்தான் எடுத்துக்கொடுக்கிறார்கள். லூக்கா 18-ல் ஆலயத்துக்குப் போன பரிசேயனின் ஜெபமும் ஸ்தோத்திர ஜெபம்தான். "மற்ற மனுஷரைப்போல" நான் இல்லை, அதனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை என்றார் இயேசு. அடுத்தவர் கஷ்டத்தை எடைக்கல்லாக வைத்து நம் நன்மையை நிறுக்க வேண்டாம்.

நேரம் எப்போது என்றால், அவரவர் வீட்டில் மிகவும் கனமான நேரம் ஒன்று இருக்கும். அவர் வேலை முடிந்து வண்டியை நிறுத்துகிற ஆறரை மணியாக இருக்கலாம், விளக்கை அணைத்தபின் வரும் முதல் அரைமணி நேரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் நோட்டைத் தொடாதீர்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ, காலையில் காபி குடித்த பிறகோ வையுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் உட்கார வேண்டாம்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். அடக்க ஆராதனை முடிந்த முதல் வாரம் யாரிடமும் நோட்டைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது. யோபுவைப் பற்றி இன்னொன்று. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதல் அதிகார வசனத்தைக் கல்லறையில் பொறிக்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை யாரும் பொறிப்பதில்லை.

சொந்த வார்த்தை வராத நாளில் ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகம் கைகொடுக்கும். பல வீடுகளில் ஜெப அறையில் இருக்கிற புத்தகம்தான். ஆனால் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். பத்து சொல்லுங்கள், அதில் தொண்டையில் சிக்குகிற ஒன்றில் நின்றுவிடுங்கள்.

நன்றிக் குறிப்பு எழுதினால் மனதுக்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்வதாகக் கேட்டிருப்பீர்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அதில் பிரபலமானது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்களும் நரம்புத்தசை நோய் உள்ளவர்களும். புதிதாகத் துக்கத்தில் விழுந்தவர்களை வைத்துச் செய்ததல்ல. ஆகவே இதை மருந்துச் சீட்டு மாதிரி யாருக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

குடும்ப ஜெபத்தில் கவனம் தேவை. "இன்றைக்கு ஆளுக்கு ஒரு நன்றி சொல்லுங்க" என்று சுற்றி வரும்போது அப்பாவை இழந்த பத்து வயதுப் பையனின் முறை வரும். அவன் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து எதையாவது சொல்வான். "சொல்ல இல்லையென்றால் அடுத்தவருக்கு விட்டுவிடலாம்" என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, பெரியவர் ஒருவரே முதல் ஆளாக விட்டுக்காட்டினால் அவனுக்குத் தைரியம் வரும்.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது நம் வழக்கம். கவரின்மேல் பெயர், சபையில் அறிவிப்பு, பிறகு உறவுக்காரர் சாப்பாடு. அதற்காகக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. காணிக்கை கவரில் பத்து ரூபாய் இருந்தாலும் அது காணிக்கைதான். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே நோட்டின் பழைய பக்கங்களை வாசித்துவிடுங்கள். அன்றைக்கே வாசிக்கலாம் என்று வைத்திருந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், முடியாது.

ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் நிலைக்கு வரவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது நோட்டால் தீரும் காரியம் இல்லை. சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவே வைத்தியர்தான் என்று கொலோசெயர் 4:14-ஐக் காட்டுங்கள்.

நாள் தவறிப்போகும். கட்டாயம் தவறும். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு நாளுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். எழுதவே முடியாத இரவில் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். நன்றி என்று ஒரு சொல்கூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு, நோட்டில் அன்றைய தேதியை மட்டும் எழுதி மூடிவையுங்கள். மறுநாள் அடுத்த பக்கத்தில் எழுதலாம்.