இரண்டரை நொடியா, ஒரு நிமிடமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐசிடி, அதாவது இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தறிகெட்டால் மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைக்கும் கருவி, பொருத்திக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் இங்கே வந்திருக்கிறீர்கள். ஷாக் வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ ஓங்கி உதைத்தது போல இருக்கும். உயிரைக் காத்த உதை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறித் துடிப்பு கூடியதை ஆபத்து என்று கருவி தவறாக நினைத்து விட்ட உதை என்றால்? அப்புறம் படி ஏறப் பயம், குளிக்கப் பயம், தனியாகத் தூங்கப் பயம்.

இதய மருத்துவர் மைக்கேல் மிரோவ்ஸ்கி தன் ஆசிரியரைத் துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்த வேதனையில்தான் இந்தக் கருவியை உருவாக்கத் தொடங்கினார். 1980 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முறையாக ஒருவருக்கு அதைப் பொருத்தினார்கள். அதற்கு ஷாக் கொடுக்க மட்டுமே தெரியும். இன்றைய கருவி துடிப்பின் எந்த வேகத்தில் விழிக்க வேண்டும், சிகிச்சைக்கு முன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆளுக்கு ஏற்ப, கத்தி வைக்காமலே மாற்றலாம்.

பொறுத்தால் ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2012-இல் வெளியான மாடிட்-ரிட் ஆய்வு 1,500 பேரிடம் இதைத்தான் சோதித்தது. ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி, துடிப்பு நிமிடத்துக்கு 170-ஐத் தொட்டதும் இரண்டரை நொடியில் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு 200-ஐத் தொட்டால்தான். மூன்றாவது குழுவுக்கு 170 முதல் 199 வரை ஒரு நிமிடம் காத்திருப்பு. பொறுத்த இரண்டு குழுக்களிலும் தேவையற்ற சிகிச்சை வெகுவாகக் குறைந்தது. 200 என்று வைத்த குழுவில் இறப்பே ஏறக்குறையப் பாதியானது! பல கோளாறுகள் அந்தச் சில நொடிகளில் தானாகவே அடங்கிவிடுகின்றன.

சரி, எல்லோருக்கும் 200 என்று வைத்துவிடலாமா? கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அதற்குமுன் ஆபத்தான துடிப்புக் கோளாறு வராதவர்கள். உங்களுக்கு ஏற்கெனவே 160-இல் கோளாறு வந்திருந்தால், 200-க்காகக் காத்திருக்கும் கருவி அதைக் கண்டுகொள்ளாமலே இருந்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கருவி விழிக்கும் வேகத்தைக் குறைத்து வைத்து, முதலில் வலியில்லாத வழியை முயலலாம்: கோளாறைவிடச் சற்று வேகமான சிறு மின்துடிப்புகளை அனுப்பி அதை அடக்குவது. பலருக்கு அது நடந்ததே தெரியாது.

அடுத்த செக்கப்பில், "என் கருவி எந்த வேகத்தில் விழிக்கும், எவ்வளவு நேரம் பொறுக்கும் டாக்டர்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் எழுதி வாங்கி, ஐசிடி அட்டையோடு பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.