யோங்காலா: உள்ளே நுழையக் கூடாத கப்பல்

வணக்கம் நண்பர்களே. நான் நின்றுகொண்டிருப்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், எயர் என்ற ஊரை அடுத்துள்ள ஆல்வா கடற்கரை. இங்கிருந்து படகில் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில் கடலடியில் கிடக்கும் எஸ்.எஸ். யோங்காலா என்ற நீராவிக் கப்பலைக் கண்டுவிட்டு இப்போதுதான் கரையேறினேன். தலைமுடியில் உப்பு இன்னும் காயவில்லை.

1911 மார்ச் 23 அன்று, 109 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல் மக்காய் துறைமுகத்திலிருந்து டவுன்ஸ்வில்லுக்குப் புறப்பட்ட சிறிது நேரத்தில் புயல் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. ஆனால் கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை என்பதால், போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அதைத் தெரிவிக்க எவராலும் இயலவில்லை. அன்று மாலை டென்ட் தீவின் கலங்கரை விளக்கக் காவலர் அதைப் பார்த்ததே கடைசி. கப்பலில் இருந்த 122 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மூன்ஷைன் என்ற பந்தயக் குதிரையின் உடல் மட்டும் கரை ஒதுங்கியது.

கப்பல் கிடக்குமிடம் 1958-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளிருந்து எடுத்த இரும்புப் பெட்டகத்தை ஆவலோடு திறந்தவர்களுக்குக் கிடைத்தது வெறும் சேறு. எனினும் அதன் வரிசை எண்ணே இது யோங்காலாதான் என்று 1961-ல் மெய்ப்பித்தது. தங்கம் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பயன்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

சுற்றிலும் வெறும் மணல்வெளியாக இருப்பதால், 14 மீட்டரிலிருந்து 30 மீட்டர் ஆழம் வரை வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் இந்த இரும்பு உடல் பவளத்துக்கும் மீனுக்கும் ஊராகிவிட்டது. ஆளை விடப் பெரிய களவா, கூட்டமாகச் சுழலும் பாரை, திருக்கை, நம்மைப் பொருட்படுத்தாமல் நெளிந்து போகும் கடல் பாம்பு என்று எதைப் பார்ப்பது எதை விடுவது என்றே தெரியவில்லை. நீரோட்டம் மட்டும் கடுமை. புதிதாகப் பழகுபவர்கள் அவசரப்பட வேண்டாம்.

உள்ளே நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாம் விடும் மூச்சுக் குமிழிகள் உட்கூரையில் தேங்கி இரும்பை வேகமாக அரிக்கும் என்பது ஒரு காரணம். இறந்தவர்களின் எலும்புகள் இன்றும் உள்ளே இருக்கின்றன என்பது மற்றொன்று. இதைப் படகிலேயே சொல்லியிருந்தார்கள். ஆயினும் ஒரு சன்னலருகே விளக்கைப் பிடித்து எட்டிப் பார்க்கப் போனேன். பாதி வழியில் கை தானாகவே விளக்கை அணைத்துவிட்டது.