ஆயிரம் யென் பாகம் ஒன்று டொயோட்டாவை நிறுத்தியது எப்படி?

வணக்கம். 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை, அதிகாலை 4.18 மணி. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், கரியா நகரிலுள்ள, டொயோட்டாவுக்குப் பாகம் தரும் ஐசின் சேய்கி நிறுவனத்தின் முதலாம் எண் ஆலையில் தீப்பிடித்தது. செவ்வாய்க்கிழமைக்குள் டொயோட்டாவின் ஜப்பானிய வாகன உற்பத்தி வரிசைகளில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. டொயோட்டாவின் சொந்த ஆலை ஒன்றில்கூடத் தீ பரவவில்லை. பிறகு ஏன் நின்றது என்பதுதான் இந்தக் காணொளி.

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சிறிய உலோகப் பாகம்]

இதன் பெயர் பி-வால்வு. நீங்கள் பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் எடை முன்பக்கமாகச் சாய்கிறது. பின்சக்கரங்களின் மேல் பாரம் குறைகிறது. அந்த நேரத்தில் பின்சக்கரங்களுக்கும் பிரேக் அழுத்தம் முழுதாகப் போனால், அவை பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுழன்றுவிடும். பின்பக்கம் செல்லும் அழுத்தத்தை அளவோடு நிறுத்துவது இந்த வால்வின் வேலை. விலை சுமார் ஆயிரம் யென். ஆனால் டொயோட்டா வாங்கிய பி-வால்வுகளில் 99 விழுக்காடு, நாளொன்றுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல், அந்த ஒரே ஆலையிலிருந்துதான் வந்தன.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: பாகங்களைக் கிடங்கில் குவிக்காமல், தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவில் வரவழைப்பதுதான் டொயோட்டாவை உலகறியச் செய்த உற்பத்தி முறை, வால்வுகள் கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கவில்லை, ஆகவே சனிக்கிழமைத் தீ செவ்வாய்க்கிழமை வரிசையைத் தொட்டுவிட்டது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தீயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எந்திரங்கள் போயின. அவை இந்த வால்வுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கடையில் வாங்கி வந்து பூட்டக்கூடியவை அல்ல. ஐசின் அன்றே ஓர் அவசர அறையைத் திறந்து, கைபேசிகளையும் படுக்கைப் பைகளையும் தருவித்து, வால்வின் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. எந்த நிறுவனமும் பூட்டி வைக்கும் வரைபடங்கள் அவை. சுற்றுவட்டாரத்தில் சுமார் இருநூறு நிறுவனங்கள், பொதுப் பயன்பாட்டுக் கடைசல் எந்திரங்களையும் துளையிடும் எந்திரங்களையும் வைத்துக்கொண்டு, தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பாகத்தைச் செய்யும் முயற்சியில் கைகோத்தன. அவற்றில் ஒன்றின் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: பிரதர். ஆம், தையல் எந்திரம் செய்யும் அதே பிரதர்தான். கார் பாகம் செய்தே அறியாத அந்த நிறுவனம், தன் எந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, நாளொன்றுக்குச் சுமார் நாற்பது வால்வுகளைச் செய்து கொடுத்தது. (உங்கள் வீட்டிலும் ஒரு பிரதர் எந்திரம் இருந்தால், அடுத்த முறை ரவிக்கை தைக்கும்போது அதைச் சற்று மரியாதையோடு பாருங்கள்.)

இதில் ஆய்வாளர்களை வியக்க வைத்தது தொழில்நுட்பம் அல்ல. "எனக்கு என்ன தருவீர்கள்?" என்ற பேரம் முதலில் எழவே இல்லை, கணக்கு வழக்கெல்லாம் பிறகுதான். ஒரு வாரத்தை ஒட்டி உற்பத்தி ஏறத்தாழ பழைய நிலைக்குத் திரும்பியது.

பெரும்பாலானோர் கதையை இங்கே முடித்துக் கைதட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பாற்றியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று நிலப்படத்தில் பாருங்கள். கரியா டொயோட்டா நகரத்துக்குப் பக்கத்தில், பிரதர் நகோயாவில். எல்லாரும் வண்டியில் வந்து சேரும் தூரத்தில் இருந்தார்கள். தீ ஒரு கூரையோடு நின்றது, ஆகவே பக்கத்து வீட்டுக்காரரால் ஓடிவர முடிந்தது. ஆனால் இந்த வட்டாரம், பெரும் நிலநடுக்கம் வரும் என்று ஜப்பான் எதிர்பார்த்திருக்கும் நங்காய் என்ற கடலடி அகழியின் தாக்கப் பகுதியில் அமைந்திருக்கிறது. நிலம் நடுங்கும்போது பக்கத்து வீடும் சேர்ந்துதான் நடுங்கும். 1997-இல் உதவிய அதே அருகாமை, அன்று உதவாது.

2011 மார்ச் 11-இல் ஜப்பானின் வடகிழக்கை 9.0 ரிக்டர் அளவு என்று நாம் பேச்சு வழக்கில் சொல்லும் நிலநடுக்கம் தாக்கியபோது, டொயோட்டாவுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. தனக்கு நேராகப் பாகம் தருவோரை அது நன்கறிந்திருந்தது. அவர்களுக்குத் தருவோர், அவர்களுக்கும் தருவோர் யார் என்பது தெளிவாகத் தெரியவில்லை. கீழே போகப் போக விரியும் பிரமிடு என்று நினைத்திருந்த அமைப்பு, நடுவில் விரிந்து அடியில் மீண்டும் குவியும் வைர வடிவமாக இருந்தது. இரண்டு பேரிடம் வாங்கினால் பத்திரம் என்று நம்பியிருக்க, அந்த இருவரும் கார்களுக்கான மின்னணுச் சில்லுகளை (சிப்) இபராக்கி மாகாணத்திலுள்ள ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை ஒன்றிலிருந்தே பெற்றிருக்கக்கூடும். அதே ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் ஹோண்டாவின் ஆலை மூழ்கியது; டொயோட்டாவின் ஆலைகள் நனையவில்லை, ஆனாலும் பாகம் வராமல் நின்றன. அதன் பிறகுதான் பாகம் தருவோரை அடுக்கடுக்காகப் பதிவு செய்யும் தரவுத்தளமும், சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொல்லும் ஏற்பாடும் வந்தன. கையிருப்பே கூடாது என்று உலகுக்குப் பாடம் சொன்ன நிறுவனம்தான்!

உற்பத்தியைச் சற்று விட்டு, டொயோட்டாவின் சட்டச் சிக்கல் ஒன்றுக்கு வருவோம், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரே ஆண்டு மாடலில் 25 வண்டிகளிலாவது புகை வெளியேற்றம் சார்ந்த குறைபாடு இருப்பது தெரிந்தால், 15 வேலை நாட்களுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அறிக்கை தர வேண்டும். டொயோட்டா 78 அறிக்கைகளைத் தாமதமாகக் கொடுத்தது. சில எட்டு ஆண்டுகள் வரை தாமதம். பாகம் நேரத்துக்கு வராவிட்டால் வரிசையையே நிறுத்தும் நிறுவனத்தில், காகிதத்துக்கு மட்டும் அந்த அவசரம் இல்லை. 2021 ஜனவரியில் அதற்காக 18 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்கு முன், திடீர் வேகமெடுப்புப் புகார்களில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-இல் 120 கோடி டாலர். அப்போது அதன் துணை நிறுவனமாக இருந்த, லாரி தயாரிக்கும் ஹினோவின் எஞ்சின் புகைச் சோதனை மோசடி தனிக் காணொளிக்கு உரியது. வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டாவின் ஜப்பானிய வாகன ஆலைகள் 14-உம் நின்றன. சைபர் தாக்குதல் என்று பலரும் சந்தேகித்தார்கள், ஏனெனில் முந்தைய ஆண்டு பாகம் தரும் ஒரு நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அதே 14 ஆலைகளும் ஒரு நாள் நின்றிருந்தன. இம்முறை அது இல்லை. பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்க் நிரம்பிவிட்டது. நம் கைபேசி "இடம் போதவில்லை" என்று சொல்லுமே, அதேதான். மாற்று ஏற்பாடு இருந்தது. ஆனால் அதுவும் அதே கணினி அமைப்பில் ஓடியதால் அங்கும் அதே கோளாறு வந்தது. தரவைப் பெரிய சர்வருக்கு மாற்றிய பிறகு, மறுநாள் ஆலைகள் ஓடத் தொடங்கின.