கெண்டைக்குஞ்சுக்குச் சொன்ன சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வாழ்வும் பாட்டும் என்று தலைப்பு கொடுத்து வானொலியில் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருபத்தொன்பது வயதில் போய்விட்டவர்தானே, பத்து நிமிடம் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் ஒரு குளத்தங்கரையிலிருந்து தொடங்குகிறேன். அங்கேயே கொஞ்சம் நேரமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்று ஒரு கிராமம். 1930 ஏப்ரல் 13 அன்று அங்கே பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பதினைந்து வயது வாக்கில் ஒருநாள், வயல் பக்கம் போய்விட்டு வந்த பையன் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் ஓரத்தில் கெண்டைக்குஞ்சுகள் துள்ளுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தவன் வாயில் பாட்டு வருகிறது: ‘ஓடிப்போ ஓடிப்போ கெண்டைக்குஞ்சே!’ கரையோரம் மேயாதே, தூண்டில்காரன் வருகிற நேரமாகிவிட்டது, ரொம்பவும் துள்ளாதே என்று அந்தப் பாட்டு போகும். அவருடைய முதல் பாட்டு என்று சொல்வது இதைத்தான்.

உங்களில் தூண்டில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. நான் போட்டிருக்கிறேன். வெயில் ஏறினால் குஞ்சுகள் கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு வந்துவிடும். வயிற்றைக் காட்டிப் புரளும்போது புதுக் காசு மாதிரி மின்னும். அந்த மினுக்குதான் அதற்கு வினை. குஞ்சை யாரும் குழம்புக்குப் பிடிக்க மாட்டார்கள். அதைப் பிடித்து விரால் தூண்டிலில் உயிரோடு கோப்பார்கள். பெரிய மீனுக்கு இரை! கரையில் இருக்கிற பையனுக்கு இதெல்லாம் தெரியும். மீன் பிடிக்கிற பையன்தான் அவனும். தெரிந்துகொண்டுதான் மீன் பக்கம் நின்று பாடுகிறான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஆண்டு விழா வந்தால் அவருடைய ‘தூங்காதே தம்பி தூங்காதே’ கட்டாயம். பையன்களை வரிசையாக நிறுத்தி, ஆள்காட்டி விரலை ஆட்டிப் பாடச் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருஷம், வரிசையில் கடைசியில் நின்ற பையன் விரலை ஆட்டவில்லை. பக்கத்தில் நின்றவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாடினான். ஒத்திகையில் திட்டினேன். ‘தம்பின்னுதானே சார் இருக்கு’ என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அவர் பாட்டுகளின் முதல் சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். தூங்காதே தம்பி. திருடாதே பாப்பா. சின்னப்பயலே சின்னப்பயலே. எல்லாவற்றுக்கும் முன்னால் கெண்டைக்குஞ்சே. கவனித்தீர்களா? எதிரே நிற்பது எப்போதும் ஒரு சின்ன உயிர். பாடுகிறவர் மேடையில் நின்று சொல்லவில்லை. கரையில், அதுவும் தூண்டில்காரன் வருகிற வழி தெரிகிற இடத்தில் நிற்கிறார். ‘உபதேசக் கவிஞர்’ என்று அவருக்கு ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறோம். உபதேசத்துக்கு அவசரம் கிடையாது, நாளைக்கும் சொல்லலாம். ‘ஓடிப்போ’ என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும். இது என் பைத்தியம். வீட்டிலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று புகார் உண்டு.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். பாட்டெழுத வருவதற்கு முன்னும் பின்னுமாக அவர் பார்த்த தொழில்கள் பதினேழு என்று கணக்குச் சொல்வார்கள். வயல் வேலை, மாடு மேய்ப்பது, மாட்டு வியாபாரம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீற்று, மீன் நண்டு பிடிப்பது, உப்பளம், தண்ணீர் வண்டி... இன்னும் இருக்கிறது. நாடகத்தில் நடித்தார், பொதுவுடைமை இயக்கத்தில் வேலை செய்தார், அந்த இயக்கத்துப் பத்திரிகையான ஜனசக்தியில் எழுதினார். பதினேழாவதுதான் கவிஞர்.

சினிமாவில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாறு வருஷம். பாட்டுகள் இருநூறைத் தொடாது. ‘பாசவலை’ 1956இல் வந்தது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. புது ஆள் வேண்டாம் என்று முதலில் பார்க்காமலே திருப்பியனுப்பிவிட்டு, பிறகு எழுதிய தாளைப் படித்ததும் அசந்துபோனதாக எம்.எஸ். விஸ்வநாதன் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளில் இருந்ததுதான் ‘குட்டி ஆடு தப்பி வந்தா குள்ளநரிக்குச் சொந்தம்’. சி.எஸ். ஜெயராமன் பாடியது. ஆட்டுக்குட்டி நரிக்கு, நரி இன்னொருவனுக்கு என்று போய், கடைசியில் சட்டப்படி மனிதனுக்குச் சொந்தம் எட்டடி என்று முடியும். பாருங்கள், மறுபடியும் அதே குளத்தங்கரை! கெண்டைக்குஞ்சு இருந்த இடத்தில் இப்போது ஆட்டுக்குட்டி. தூண்டில்காரன் இருந்த இடத்தில் நரி. பத்து வருஷம் கழித்து, சேலத்தில் சினிமாவுக்கு எழுதும்போதும் அவர் அந்தக் கரையை விட்டு எழுந்து வரவில்லை.

அப்புறம் 1958இல் ‘நாடோடி மன்னன்’. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் ‘காடு வெளஞ்சென்ன மச்சான்’. அந்தப் பாட்டில் எல்லோரும் மெச்சுவது எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடுகிற பதிலை. சட்டம் போடப்போகிறேன், திட்டம் போடப்போகிறேன் என்று நம்பிக்கை சொல்கிற இடம். எனக்குப் பானுமதி கேட்கிற கேள்விதான் பெரிது. காடு விளைந்தும் கையும் காலும்தானே மிச்சம் என்கிறாள். களத்துமேட்டில் நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிய பிறகு, கையில் ஒட்டிய பதரைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கையும் காலும்தான் அது. அந்த வரியைப் படித்துத் தெரிந்துகொண்டு எழுத முடியாது. எம்.ஜி.ஆர். தம் முதலமைச்சர் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையார் பாட்டு என்று சொன்னதாகச் சொல்வார்கள். நாற்காலிக்குக் கால் கிடைத்தது சரி, அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். அப்பா அருணாசலம் பிள்ளையும் பாட்டுக் கட்டியவர், ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ எழுதியவர். அந்தக் கும்மியின் நடை மகன் பாட்டில் எங்கெங்கே கேட்கிறது என்று தாளம் போட்டுக் காட்ட வந்தேன், அது போச்சு. மகன் எதை எழுதினாலும் தாளின் தலைப்பில் ‘பாரதிதாசன் வாழ்க’ என்று போடுவார். 1957இல் கௌரவாம்பாளை மணந்தபோது தலைமை வகித்தவரும் பாரதிதாசன்தான். தயாரிப்பாளரிடம் காசு கேட்டு நின்ற கதை ஒன்று உண்டு, அதையும் விட்டுவிடுகிறேன்.

‘கல்யாண பரிசு’ மட்டும். ஸ்ரீதர் இயக்கிய முதல் படம், ஏ.எம். ராஜா இசை. 1959 ஏப்ரலில் வந்தது. காதலும் கிண்டலும் இவருக்கு எவ்வளவு வரும் என்பதற்கு அந்த ஒரு படம் போதும். அதில்தான் ‘உன்னைக் கண்டு நானாட’. தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த வானொலியைத் திருப்பினாலும் கேட்குமே, அதுதான். அக்டோபர் 8ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். அந்த வருஷத் தீபாவளி வருவதற்கு முன்னாலேயே. ‘திருடாதே பாப்பா’வும் ‘சின்னப்பயலே’யும் திரைக்கு வந்தது 1961இல்தான்.

அந்தத் தீபாவளிப் பாட்டு படத்தில் இரண்டு தடவை வருகிறது. ஒன்று சுசீலா மகிழ்ச்சியாகப் பாடுவது. இன்னொன்று ராஜா, சோகமாக. ராஜா பாடியதைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேரம் இருந்தால் போடுவார்கள். வணக்கம்.