வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். குடும்ப ரகசியமும் 'நான் யார்' என்ற கேள்வியும் பின்னிக்கிடக்கிற துப்பறியும் நாவலை இளையோருக்காக எழுதுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. சாகக் கிடக்கும் பாட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். இல்லையென்றால் பரணில் ஒரு டைரி அகப்படுகிறது. உண்மையை யாரோ கையில் கொடுத்துவிட்டால் துப்பறிய என்ன மிச்சம்? பிள்ளையே தேடி, தப்பாகப் புரிந்துகொண்டு, திருத்தி, கடைசியில் கண்டடைய வேண்டும். அதற்குத் தடயங்கள் பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். வீட்டு பீரோவைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். ஆண்டு 2024. கயல், பிளஸ் ஒன் படிக்கிறாள், 2008இல் பிறந்தவள். பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது, 2011இல் இறந்த தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் கண்ணில் படுகிறது. மனைவி, மகன், இரண்டு மகள்கள். கயலுக்குத் தெரிந்த அத்தை ஒருவர்தான். இன்னொரு பெயருக்கு எதிரே 'மகள், வயது 25, மணமாகாதவர்' என்று இருக்கிறது.

இந்த ஒரு தாளுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகு வட்டாட்சியர் வழங்குகிற சான்று இது. அப்படியானால் அந்தத் தெருவுக்கே தெரியும். கயலுக்கு மட்டும் தெரியாது. அந்தக் கோபம் கதையை ஐம்பது பக்கம் ஓட்டும்.

அடுத்தது அவளுடைய பிறப்புச் சான்றிதழ். பிறந்தது 2008, பதிவானது 2010. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய 2010இல் அந்தச் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பெற்றோர் இடத்தில் அவள் அப்பா, அம்மா பெயர்களே இருக்கின்றன. முதல் முறை பார்க்கும்போது கயல் இதைச் சோம்பேறித்தனம் என்று கடந்து போகட்டும். நல்ல தடயத்தை வாசகர் மூன்று முறை சந்திக்க வேண்டும்: கண்ணில் படும்போது, தப்பாக அர்த்தமாகும்போது, சரியாக விளங்கும்போது. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் வாசகர் உங்களுக்கு முன்னால் போய் நிற்பார்.

மூன்றாவது ரத்தப் பிரிவு. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஏ பிரிவு அப்பாவுக்கும் பி பிரிவு அம்மாவுக்கும் ஓ பிரிவுப் பிள்ளை பிறப்பது சாதாரணம். அதைக் காட்டி ரகசியம் உடைப்பது பிழை. பள்ளி அடையாள அட்டையில் கயல் ஏபி, அம்மாவின் ஆஸ்பத்திரித் தாளில் ஓ என்று வையுங்கள். ஓ பிரிவுத் தாய்க்கு ஏபி பிள்ளை பிறப்பதில்லை. விலக்கு ஒன்று உண்டு: 1952இல் அறிவிக்கப்பட்ட பாம்பே ரத்தப் பிரிவு. வழக்கமான சோதனையில் ஓ என்றே காட்டும், உள்ளே ஏ அல்லது பி மரபணு இருக்கலாம். உயிரியல் ஆசிரியர் வாயில் இதை ஒரு வரியாக வைத்தால் கயலுக்கு இரண்டு நாள் நம்பிக்கை கிடைக்கும். அது உடையும்போது அடி பலமாக விழும். டி.என்.ஏ. சோதனை வேண்டாம். ஒரே தாளில் கதை முடிந்துபோகும்.

இனி மறைத்தவர்கள் பக்கம். உண்மை இதுதான்: கயல், சான்றிதழில் இருந்த அந்த இரண்டாவது அத்தை மணமாகாமல் பெற்ற பிள்ளை. கயல் அப்பா என்று அழைப்பவர் அந்த அத்தையின் அண்ணன். மானம் போய்விடும் என்பது மட்டும் பதினாறு வருட மௌனத்துக்குக் காரணமாகப் போதாது. இன்றைக்கும் பயப்பட ஏதாவது இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளையை முறையாகக் கொடுத்து வாங்கினாலே போதும், பத்திரப் பதிவு கட்டாயமில்லை. தங்கை மகளை அண்ணன் நேர்மையாகவே தத்தெடுத்திருக்கலாம். அவர் செய்தது வேறு: தானே பெற்ற பிள்ளை என்று மாஜிஸ்திரேட் முன்னால் பொய் சொன்னார். கயலின் அப்பா வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். அவர் வில்லன் இல்லை, அவரைப் பார்த்து நமக்கு வலிக்க வேண்டும்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு, ஒவ்வொருவரின் வயது, யாருக்கு எது எப்போது தெரிந்தது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள். சான்றிதழில் 2011இல் 25 வயது என்றால் அத்தை 1986இல் பிறந்தவர், கயலைப் பெற்றபோது 22. இந்தக் கணக்கு ஓரிடத்தில் உதைத்தாலும் கூர்மையான வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நாவல் 50,000 சொல் என்றால் உண்மை 40,000 அளவில் வெளியாகட்டும். கடைசிப் பக்கத்துக்கு ஒத்திவைத்தால் புதிர் முடியும், 'நான் யார்' என்ற கேள்வி தொடங்கவே தொடங்காது. மிச்சமுள்ள 10,000 சொல்லில்தான் கயல் வளர்கிறாள். பெயருக்கு முன்னால் இருக்கிற இனிஷியலை வைத்துக்கொள்வதா? வளர்த்தவரை இனி எப்படிக் கூப்பிடுவது? அத்தையைத் தேடிப் போகிறாள் என்றால், ஓடிவந்து கட்டிக்கொள்கிற காட்சி வேண்டாம். அந்த அத்தைக்கு இப்போது வேறு ஊரில் கணவர், இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. இப்போது ரகசியம் கயலின் கையில். சொல்வதா, மறைப்பதா என்று அவளே முடிவெடுக்கட்டும். "நீ வராதே" என்று சொல்லும் உரிமையை அத்தைக்கும் கொடுங்கள்.