1500 மீட்டர் ஓடுகிற பையனுக்குப் பேஸ்கட்பாலில் ஏன் மூச்சு வாங்கியது? பதில் ஒகேனக்கல் பரிசலில் இருக்கிறது!

[காட்சி: கிருஷ்ணகிரி, காலை ஆறு மணி. சிமெண்ட் மைதானம். பின்னால் கோட்டை மலை.]

வணக்கம் நண்பர்களே! எங்கள் தெருவில் ஒரு தம்பி போலீஸ் தேர்வுக்காகத் தினமும் ஓடுகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால் தேர்வில் போதும். இவன் 6 நிமிடத்தில் முடித்துவிட்டு, நின்று சாதாரணமாகப் பேசுவான். போன வாரம் ஆள் குறைகிறது என்று அவனை எங்கள் பேஸ்கட்பால் ஆட்டத்தில் இறக்கினோம். ஐந்தே நிமிடம்தான். முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டான். "அண்ணா, தொடையெல்லாம் எரியுதுண்ணா" என்றான்.

அவனுக்கு ஸ்டாமினா இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடுவதற்கு அவன் உடம்பு பழகியிருக்கிறது. பேஸ்கட்பால் கேட்பது வேறு ஒன்று.

வரலாறு ஒரே வரியில்: 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாட ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை மாட்டித் தொடங்கிவைத்த ஆட்டம். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய லீக் வீரர்கள் ஆடுவதை வீடியோ எடுத்து ஒவ்வொரு அசைவையும் எண்ணிப் பார்த்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் ஏறக்குறைய 1000 முறை தன் அசைவை மாற்றுகிறார். சராசரியாக 2 நொடிக்கு ஒரு மாற்றம்! நடந்துகொண்டிருப்பவர் பாய்கிறார், பாய்ந்தவர் சட்டென்று நிற்கிறார், பக்கவாட்டில் நகர்கிறார், குதிக்கிறார். குதிப்பது மட்டும் 46 முறைக்குப் பக்கம் வந்தது. மைதானம் எவ்வளவு பெரியது? சர்வதேச அளவுப்படி 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வேகம் எடுத்து முடிப்பதற்குள் எல்லைக்கோடு வந்துவிடும். ஆகவே இந்த ஆட்டத்தில் பாதி வேலை, ஓடுகிற உடம்பை நிறுத்துவதுதான். தொப்பூர் கணவாய்ச் சரிவில் லோடு லாரியை இறக்குகிற டிரைவரைக் கேளுங்கள், இன்ஜினைவிட பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். தம்பியின் தொடை எரிந்தது அந்த பிரேக் போட்டுப் போட்டுத்தான்.

இந்த நிற்பது, திரும்புவது, தள்ளுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் உடம்பை ஒரே துண்டாகப் பழக்குவதைத்தான் ஃபங்ஷனல் டிரெய்னிங் என்கிறார்கள். ஜிம்மில் உட்கார்ந்து காலை மட்டும் நீட்டி மடக்குகிற மெஷின் தொடைக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மைதானத்தில் எந்தத் தசையும் தனியாக வேலை செய்வதில்லை.

[காட்சி: ஒகேனக்கல். காவிரியில் பரிசல்கள்.]

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, ஒகேனக்கல் பரிசல். நீங்களும் ஏறியிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அருவியைக் கொஞ்சம் விட்டுவிட்டு, துடுப்பு போடுகிற அண்ணனைப் பாருங்கள்.

பரிசல் வட்டம். முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. சுக்கான் கிடையாது. கையில் இருப்பது ஒரே துடுப்பு. ஒரு பக்கமாகவே நீரைத் தள்ளினால் பரிசல் இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். சுற்றுலா வந்தவர்களுக்காகச் சில சமயம் வேண்டுமென்றே சுற்றிக் காட்டுவார்கள், நாம் கத்துவோம். ஆனால் நேராகப் போவதுதான் வித்தை. துடுப்பை முன்னால் ஊன்றி நீரைத் தன் பக்கம் இழுக்கிறார், உடனே பக்கம் மாற்றி மறுபடி இழுக்கிறார். ஒவ்வோர் இழுப்பும் அவரையும் பரிசலையும் திருப்பப் பார்க்கிறது. அவர் இடுப்பு திரும்ப மறுக்கிறது.

கையின் பலம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். துடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வயிறும் முதுகும் சேர்ந்த நடு உடம்புக்கு, அங்கிருந்து தொடை வழியாக மூங்கில் பின்னலில் அழுந்தியிருக்கும் காலுக்கு. நடு உடம்பு தளர்ந்திருந்தால் கை எவ்வளவு இழுத்தாலும் பரிசல் நகராது, அவர்தான் வளைவார். ஓட்டை வாளியில் தண்ணீர் சேந்துகிற கதை.

இப்போது கூடைக்குக் கீழே நிற்கும் ஒரு வீரரை நினையுங்கள். முதுகில் எதிராளி முழு எடையோடு தள்ளுகிறார். கையில் பந்து. திரும்பாமல் தாங்கி நிற்க வேண்டும், தாங்கிக்கொண்டே பந்தை வீசவும் வேண்டும். நெஞ்சுக்கு நேராக வீசுகிற பாஸுக்குக்கூட பலம் தரையில் ஊன்றிய காலில் தொடங்கி, நடு உடம்பு வழியாகத்தான் கைக்கு வருகிறது. பரிசலில் மேலிருந்து கீழே போகிற அதே பாதை, இங்கே கீழிருந்து மேலே!

அதோடு முடியவில்லை. சவாரி நடுவில் நம்மை இறக்கிவிட்டு, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மணலிலும் பாறையிலும் நடப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? கால் ஒவ்வோர் அடியும் வேறு வேறு உயரத்தில் விழும், தலைமேல் இருக்கும் பாரம் ஆடக் கூடாது. அந்த நடையைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. எந்த ஜிம்மும் அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

சரி, பரிசல் ஓட்டுகிறவர் அப்படியே வந்து ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தை, எடுத்துவிடுவாரா? மாட்டார். 3.05 மீட்டர் உயர வளையத்தை நோக்கிக் குதித்து இறங்குவது அவர் வேலையில் இல்லை. உடம்பு எதைச் செய்கிறதோ அதற்குத்தான் பழகும். நம் தம்பிக்கு நடந்ததும் இதேதான்.

வீட்டில் செய்து பாருங்கள். பழைய சைக்கிள் டியூபை ஒரு கம்பத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்று, டியூபை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, மெதுவாகக் கையை முன்னால் நீட்டுங்கள். டியூப் உங்களைத் திருப்பப் பார்க்கும், திரும்பாதீர்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை. பரிசலே தான்!

[காட்சி: மைதானம். காலணியும் கணுக்காலும் மட்டும்.]

அடுத்தது இறங்குவது. இதை வேகமாக ஓட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேஸ்கட்பாலில் அதிகம் வருகிற காயம் கணுக்கால் சுளுக்கு. பள்ளியில் படிக்கும்போது ரீபவுண்ட் எடுத்து இறங்கினேன், இன்னொருவன் பாதத்தின் மேல் என் கால் விழுந்து மடங்கியது. வீக்கம் வடிந்ததும் ஓடத் தொடங்கினேன், வலி இல்லை, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். ஆறே வாரத்தில் அதே கால் மறுபடி மடங்கியது. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால், தான் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வதில் மந்தமாகிவிடும். அதற்கும் பயிற்சி வேண்டும் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒற்றைக்காலில் நிற்பதுதான் அந்தப் பயிற்சி. சிரிக்காதீர்கள்! 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடுகிற 765 பள்ளி மாணவர்களைப் பார்த்தார்கள். சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைவு. பல் துலக்கும்போது ஒரு காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். அப்புறம், நண்பரைப் பந்து போடச் சொல்லிப் பிடியுங்கள்.

குதித்து இறங்க ஒரு வாசல்படி போதும். படியிலிருந்து இறங்கி இரண்டு காலிலும் நில்லுங்கள். சத்தமே வரக் கூடாது. முட்டி உள்பக்கமாகச் சாயக் கூடாது, பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். மூன்று நொடி அப்படியே உறைந்து நில்லுங்கள். முட்டிக்குள் இருக்கிற முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல். என்பார்கள்) கிழிவது பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே, இப்படி இறங்கும்போதும் திரும்பும்போதும்தான். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். மகளைப் பேஸ்கட்பாலுக்கு அனுப்புகிற அப்பா அம்மாக்களே, கூடையில் பந்து போடுவதற்கு முன்னால், குதித்து இறங்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள்.

மூச்சுக்கு? நீண்ட ஓட்டத்தைக் குறைத்து, 28 மீட்டரைப் பாய்ந்து, நின்று, திரும்பி வாருங்கள். முழு வேகத்துக்குத் தசையில் இருக்கிற எரிபொருள் பத்து நொடி அளவுக்குத்தான். நடுவில் ஓய்வு கொடுத்தால்தான் அது மறுபடி சேரும்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்க் களியே இருக்கிறது, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்.

ரப்பர் பந்து மேல் ஏறி நின்று எடை தூக்குகிற வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். ஆட்டத்தில் தரை ஆடுவதில்லை, ஆடுவது நாம். என் கருத்து இது, மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

தம்பி இப்போது வாரம் மூன்று நாள் வருகிறான். முதல் வாரம் முழுக்க அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை, படியிலிருந்து இறங்குவது மட்டும்தான். நேற்று சத்தமில்லாமல் இறங்கினான்.

தர்மபுரி, ஓசூர், அரூர், ஊத்தங்கரை, எந்த ஊராக இருந்தாலும் கமெண்டில் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் மைதானம் சிமெண்டா, மண்ணா? சிமெண்டில் எத்தனை முறை குதிக்கலாம் என்பதை அடுத்த வீடியோவில் அங்கேயே வந்து செய்து காட்டுகிறேன்.