எங்கே இல்லை?

நேயர்களுக்கு வணக்கம். கோப்பு தேடும் ஒரு கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது, அதுவும் ஏ.ஐ. ஏஜென்ட் படிப்பதற்காக எழுதுவது, இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். பீரோவில் ரேஷன் கார்டைத் தேடியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்.

முதலில் ஏற்காட்டுக்குப் போய்விட்டு வருவோம். என் மாமா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் சேலத்தில் பஸ் ஏறிவிடுவேன். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி இறங்கினால் நேராக மாமாவின் ஆபீஸ்தான். ஒருநாள் காய் பறிக்கும் அம்மா ஒருவர் வந்து நின்றார். வேலையை விட்டு நிற்கப் போகிறார், பணிக்கொடை வாங்க வேண்டும், எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அது செக்ரோலில் இருக்கும், அதாவது ஆட்களின் பேரும் வருகையும் கூலியும் எழுதும் பேரேட்டில். மாமா வருஷத்தைச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். அலமாரி முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, "இல்லை மாமா" என்றேன்.

மாமா நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்கே இல்ல கண்ணு?"

எனக்குப் புரியவில்லை. இல்லை என்றால் இல்லைதானே? "அலமாரில இல்லன்னு சொல்லு. கட்டிலுக்குக் கீழ டிரங்குப் பெட்டி இருக்கே, அதுல பார்த்தியா?" பனியில் தாள் நமுத்துப் போகும் என்று பழைய பேரேடுகளை அந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறார். செக்ரோல் அங்கேதான் இருந்தது. நான் சொன்ன "இல்லை"யை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், அந்த அம்மா உழைத்த வருஷங்கள் கணக்கில் வராமலே போயிருக்கும். இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சரி, இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேடித் தருகிற கிரெப் என்ற நிரலை கென் தாம்ப்சன் 1973 வாக்கில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதினார். அந்த வழியில் 2016இல் வந்தது ரிப்கிரெப், மிக வேகமானது. நாங்கள் சேலத்தில் ஒரு சின்னக் குழுவாகச் செய்திருக்கும் கருவியும் அதே பழக்கம் உள்ளதுதான். அந்தப் பழக்கம் என்ன தெரியுமா? எல்லா இடத்தையும் பார்க்காது. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைகோப்புகளை விட்டுவிடும், நிரல்களின் திருத்தங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவிக்குத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்த பட்டியலில் இருப்பதை விட்டுவிடும், எழுத்தாக இல்லாத படம் மாதிரியான கோப்புகளையும் விட்டுவிடும். வேண்டாத குப்பையைக் கொண்டுவந்து கொட்டக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதுதான் கட்டிலுக்குக் கீழே இருக்கிற டிரங்குப் பெட்டி.

ஏஜென்ட் என்பது நாம் சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் நிரல். கோப்பைத் தேடும், திறக்கும், திருத்தும். மனிதராக இருந்தால், நேற்றுப் பார்த்தேனே, எங்கே போச்சு என்று சந்தேகப்படுவார். ஏஜென்ட்டுக்கு அந்த நேற்று கிடையாது. ஒருமுறை எங்கள் ஏஜென்ட்டை அமைப்புக் கோப்பை, அதாவது நிரல் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பை, தேடச் சொன்னோம். அது புள்ளியில் தொடங்கும் பெயர், கருவி எட்டிப் பார்க்கவில்லை, வெறும் கையோடு திரும்பியது. ஏஜென்ட் என்ன செய்தது? அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முடிவு செய்து புதிதாக ஒன்றை எழுதி வைத்துவிட்டது. அப்புறம் இரண்டு கோப்பும் இரண்டு விதமாகச் சொல்ல, எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. தப்பு ஏஜென்ட்டுடையது என்று நான் நினைக்கவில்லை. குறிப்பில் நாங்கள் எழுதாத ஒரு வரிதான் தப்பு.

அதனால் இப்போது எங்கள் குறிப்பில் முதல் பத்தி, கருவி என்ன செய்யும் என்பது இல்லை. எங்கெல்லாம் பார்க்காது என்பது. அதற்கு அடுத்த வரியிலேயே, அங்கேயும் பார்க்க வேண்டுமானால் என்ன கொடுக்க வேண்டும் என்பது. ரிப்கிரெப்பில் 'யு' என்ற எழுத்தை மூன்று தரம் கொடுத்தால் எதையும் விடாமல் பார்க்கும், அந்த மாதிரி. இன்னொன்று, கிரெப் காலத்திலிருந்தே ஒரு நல்ல வழக்கம் உண்டு: கிடைத்தால் 0, தேடியும் கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமல் கோளாறு என்றால் 2 என்று எண் சொல்லிவிட்டு முடியும். பார்த்தேன் இல்லை என்பது வேறு, கதவே திறக்கவில்லை என்பது வேறு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த இரண்டையும் ஏஜென்ட் குழப்பிக்கொள்ளாதபடி எழுதுவதில்தான் என் நேரத்தில் பாதி போகிறது.

நிறையக் கிடைத்தாலும் சிக்கல்தான். ஏஜென்ட் ஒரு நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு. முதல் 50 வரியோடு கருவி நிறுத்திக்கொண்டால், மீதி இருக்கிறது என்று கடைசி வரியில் சொல்ல வேண்டும்; சொல்லும் என்று குறிப்பிலும் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. தமிழ் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் கொலுசையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'கொ' என்ற எழுத்தை, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் கருவிக்கு வேறு வேறு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றின் கணக்குக் கோப்பில் கொலுசு என்று தேடி, ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தால், இரண்டாவது வடிவத்திலும் தேடிப் பார் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கு என்ன செய்வது என்பதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.